நீரில் வீழ்ந்த கைத்தொலைபேசி

கிணற்றடியிற் குனிந்து நீரள்ளும் வேளையிற் சட்டைப் பையிலிருந்து நழுவி வாளிக்குள் வீழ்கின்றது ஒரு கைத்தொலைபேசி. வள்ளத்திலே வலை இழுப்பவரின் மடியில் இருந்தது, அலை ஒன்று எழுந்து அடித்தலும் உவர்நீரில் தோய்ந்து விடுகின்றது. பாடசாலை விட்டு மழையில் நனைந்து வரும் பிள்ளையின் புத்தகப்பையில் இருந்தது, புத்தகங்களோடு தானும் ஊறிப் போகின்றது. குழந்தையொன்று விளையாட்டாக அதனை எடுத்துத் தேநீர்க் கோப்பையுள் இட்டுவிடுகின்றது. இவை நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்வன. நிகழ்ந்தபின் நாம் செய்வது யாது? பதறுகின்றோம். பதறி, அக்கருவியை எடுத்து, அது இன்னும் உயிரோடு இருக்கின்றதா என்று பொத்தானை அழுத்திப் பார்க்கின்றோம். ஒளி வராவிடின் மின்னேற்றியிற் கொழுவிப் பார்க்கின்றோம். அதுவும் பயன்படாவிடின் அரிசிப் பானையுள் புதைக்கின்றோம். இம்மூன்று செயல்களும் நல்லெண்ணத்தினாற் செய்யப்படுவன. ஆயினும் நீர் செய்த கேட்டினும் இவை செய்யும் கேடு பெரிது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

கைத்தொலைபேசி பேசுவதற்கான கருவி மாத்திரம் என்றிருந்த காலம் கடந்துவிட்டது. 1989ஆம் ஆண்டில் இலங்கையிற் செல்லிடத் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது அது செல்வர்கள் சிலரின் கையில் இருந்த பாரிய கருவி. இன்றோ கூலித் தொழிலாளியின் கணக்குப் புத்தகமும், வெளிநாட்டிலுள்ள மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டும் கண்ணாடியும், மாணவனின் பாடக்குறிப்பும், வங்கியின் திறவுகோலும் அதுவே. ஆகவே அது நீரில் வீழும்போது, கடையிற் கொடுத்த விலையைவிட உள்ளே இருப்பதன் விலையே நம்மைக் கலங்கச் செய்கின்றது. காரணத்தை அறிந்தவர்க்குக் கலக்கம் குறையும். எனவே, நீர் ஒரு மின்கருவியுள் நுழைந்தால் என்ன நேர்கின்றது என்பதை முதலிற் காண்போம்.

தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். ஆயின் நாம் வாழ்க்கையிற் காணும் நீர் எதுவும் அத்தகைய தூய நீர் அன்று. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கேத்தலிற் பலநாட் கொதிக்க வைத்தால் அடியில் வெண்ணிறப் படலம் படிவதைத் தாய்மார் அறிவர். சுண்ணாம்புக் கற்பாறையூடாக ஊறிவரும் அந்நீரிற் கரைந்திருந்த உப்புக்களே அப்படலம். கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கரைந்திருக்கின்றது. இவ்வுப்புக்களே நீரை மின்கடத்தியாக்குகின்றன.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ற்றா, இரு வேறு உலோகத் தட்டுக்களுக்கிடையே உப்புநீரில் தோய்ந்த துணியை வைத்து அடுக்கி, அதிலிருந்து மின்னோட்டத்தைப் பெறலாம் என உலகுக்கு அறிவித்தார். கைத்தொலைபேசியின் உள்ளே செம்பும், வெள்ளீயமும், பொன்முலாமும் அருகருகே இருக்கின்றன. அவற்றின் நடுவே உப்புக் கரைந்த நீர் புகுந்தால் வோல்ற்றாவின் அடுக்கு அங்கே தானாகவே அமைந்து, உலோகம் அரிபடத் தொடங்குகின்றது.

இவ்வரிப்பு மெதுவாக நடைபெறுவது. அதனை விரைவாக்குவது பற்றரியிலிருந்து வரும் மின்சாரம். பொற்கொல்லர் முலாம் பூசும் முறையைக் கண்டிருப்பீர்கள். ஒரு பாத்திரத்தில் உப்புக் கரைசலை வைத்து, அதனுள் இரு உலோகத் துண்டுகளை அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினால், ஒன்றிலிருந்து உலோகம் கரைந்து சென்று மற்றையதிற் படிகின்றது. நனைந்த கைத்தொலைபேசியிலும் இதுவே நேர்கின்றது. மயிரிழையினும் மெல்லிய செம்புக் கோடுகள் ஒரு முனையிற் கரைகின்றன. கரைந்த உலோகம் மறு முனையில் மரக்கிளை போலப் படர்ந்து வளர்கின்றது. அக்கிளை பக்கத்துக் கோட்டைத் தொட்டதும், செல்லத்தகாத வழியில் மின்சாரம் பாய்ந்து நுண்ணிய உறுப்புக்கள் எரிந்து போகின்றன. மின்சாரம் தடைப்பட்டிருந்தால் நாட்கணக்கில் நடக்க வேண்டிய சேதம், மின்சாரம் ஓடும்போது சில நிமிடங்களிலே நடந்துவிடுகின்றது.

இதிலிருந்து நாம் பெறும் முதல் விதி யாது? நீரை அகற்றுவதற்கு முன்னர் மின்சாரத்தை அகற்றுக என்பதே.

கருவியை நீரிலிருந்து எடுத்தவுடன், அது ஒளிர்ந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். நன்றாகத்தானே வேலை செய்கின்றது என்று மகிழ்ந்து, ஒருவரை அழைத்துப் பேசிச் சோதிக்க வேண்டாம். அது தானாகவே அணைந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மீண்டும் உயிர்ப்பிக்க முயலாதீர்கள். மின்னேற்றிக் கொண்டிருக்கையில் நனைந்ததாயின், ஈரக் கையால் அதனைத் தொடுதல் ஆபத்து. நமது வீடுகளில் ஓடும் மின்சாரம் 230 வோல்ற் அழுத்தமுடையது. முதலிற் சுவரிலுள்ள ஆளியை உலர்ந்த கையால் நிறுத்துங்கள். அந்த ஆளியும் நனைந்திருந்தால் வீட்டின் பிரதான ஆளியை நிறுத்துங்கள். அதன்பின்னரே கருவியை அணுகலாம். கருவி போனால் வேறொன்று வாங்கலாம்.

அடுத்து, உறையைக் கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் வெளிப்புறத்தை ஒற்றி எடுங்கள். சிம் அட்டையையும், நினைவக அட்டை இருந்தால் அதனையும் வெளியே எடுத்து உலரவிடுங்கள். இவை பெரும்பாலும் நீரினால் அழிவதில்லை. உலர்ந்தபின் சிம் அட்டையை வேறொரு கருவியில் இட்டால் உங்கள் இலக்கம் முன்போலவே இயங்கும். பழைய வகைக் கைத்தொலைபேசியாயின் பின்மூடியைத் திறந்து பற்றரியையும் கழற்றிவிடலாம். இன்றைய வகைகளிற் பற்றரி உள்ளே ஒட்டப்பட்டிருப்பதால், பழக்கமில்லாதார் அதனைத் தோண்டி எடுக்க முயலக் கூடாது. பின்னர், மின்னேற்றும் துளை கீழ்நோக்கியிருக்கப் பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டினால், துளையிலுள்ள நீர் வடியும். வேகமாக உதறினால் ஓரத்தில் நின்ற நீர் உள்ளே ஓடிவிடும். துளைக்குள் பஞ்சையோ காகிதத்தையோ குச்சியையோ நுழைப்பதும் தகாது.

இனி உலர்த்துதல் பற்றிச் சிந்திப்போம். மழைக்காலத்தில் அடுப்படியிற் கொடி கட்டித் துணி உலர்த்தும் வழக்கத்தினால், நனைந்த கருவியையும் அடுப்பின் ஓரத்தில் வைப்பார் உளர். தலைமயிர் உலர்த்தும் கருவியாற் சூடான காற்றைப் பாய்ச்சுவாரும், உச்சி வெயிலிற் கூரைமேல் வைப்பாரும் உளர். வெப்பம், கருவியை நீர் புகாது காக்கும் பசையை இளக்குகின்றது. திரையைப் பழுதாக்குகின்றது. எல்லாவற்றிலும் மேலாக, உள்ளேயிருக்கும் இலிதியம் அயன் பற்றரிக்கு வெப்பம் பகை. அப்பற்றரி சேதமுற்று வீங்கினாலோ, தானாகச் சூடேறினாலோ, தீப்பற்றவும் கூடும். அத்தகைய கருவியை வீட்டிற்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, திருத்துநரை நாட வேண்டும். அதனைக் குத்துவதோ அமுக்குவதோ கூடாது. பாதுகாப்பான உலர்த்தல், நிழலில், மின்விசிறியின் காற்றுப் படும் இடத்தில் வைத்தலே. காற்றோட்டமுள்ள நாளிற் துணி விரைவில் உலர்வதை நாம் காண்கின்றோம் அல்லவா? ஈரத்தை வாரிச் செல்வது ஓடுகின்ற காற்று.

அப்படியாயின் அரிசி? நேயர்கள் பலரும் எதிர்பார்த்திருக்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். உப்புச் சாடியில் நாலு அரிசியை இட்டுவைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆகவே அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. ஆனால் அரிசி முற்றாக உலர்ந்த பொருள் அன்று. நமது நாட்டிலே நெல்லைக் களஞ்சியப்படுத்தும்போது நூற்றுக்குப் பதினான்கு பங்கு வரை ஈரம் இருக்க இடமளிக்கின்றோம். தன்னுள்ளே ஈரத்தை வைத்திருக்கும் பொருள் பிறிதொன்றின் ஈரத்தை எவ்வளவுதான் ஈர்க்கும்? அன்றியும், அரிசிக்குள் புதைத்த கருவியைச் சுற்றிக் காற்று ஓடுவதில்லை. அரிசியிலுள்ள மாத்தூள் ஈரத்தோடு கலந்து பசையாகித் துளைகளை அடைக்கின்றது. அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளை அரிசிப் பையில் இட வேண்டாம், நுண்ணிய அரிசித் துணிக்கைகள் அவற்றைப் பழுதாக்கக்கூடும் என்று தன் பாவனையாளருக்கு வெளிப்படையாகவே அறிவுறுத்தியுள்ளது. இவ்வறிவுறுத்தல் 2024ஆம் ஆண்டிற் பத்திரிகைகளிற் பரவலாக வெளிவந்தது.

"எனது தொலைபேசி அரிசியிற் கிடந்துதானே பிழைத்தது?" என்று சிலர் கேட்கலாம். அது அரிசியினாற் பிழைத்ததன்று. அரிசியுள் கிடந்த இரண்டு நாட்களும் அதனை எவரும் இயக்கிப் பாராது விட்டதனாற் பிழைத்தது. அதே இரண்டு நாட்களை அது மேசைமீது காற்றோட்டத்திற் கழித்திருப்பின், இன்னும் நன்றாக உலர்ந்திருக்கும். பாதணிப் பெட்டிகளிலும் மருந்துப் போத்தல்களிலும் சிறு பொதிகளாக வரும் சிலிக்கா ஜெல் அரிசியைவிட ஈரத்தை நன்கு உறிஞ்சும். ஆயினும் ஒன்றிரண்டு பொதிகளாற் பெரும் பயன் விளையாது.

இங்கே மிக முக்கியமான ஒரு வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். உலர்தல் வேறு, தூய்மையாதல் வேறு. கேத்தலின் நீர் வற்றியபின் வெண்படலம் எஞ்சுவது போல, கருவியுள் புகுந்த நீர் முற்றாக உலர்ந்த பின்னரும் அந்நீரிலிருந்த உப்பும், சேறும், சீனியும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. அவை மழைக்காலத்து ஈரக்காற்றிலிருந்து மீண்டும் ஈரத்தை இழுத்து, அரிப்பைத் தொடருகின்றன. "ஒரு மாதம் நன்றாக வேலை செய்தது, பிறகு திடீரென்று நின்றுவிட்டது" என்று பலர் முறையிடுவதன் காரணம் இதுவே.

ஆகவே எந்த நீரில் வீழ்ந்தது என்பது கேட்கத்தக்க கேள்வி. மழைநீர் ஓரளவு தீங்கு குறைந்தது. கிணற்று நீர் அதனினும் கொடிது. சீனி சேர்ந்த தேநீரும் குளிர்பானமும் ஒட்டும் பசையை விட்டுச் செல்வன. வெள்ளநீர் சேற்றையும் கழிவையும் சுமந்து வருவது. யாவற்றிலும் கொடியது கடல்நீர். நீர் புகா வகையெனத் தயாரிப்பாளர் உறுதிகூறிய கருவி கடலில் வீழ்ந்தால், அதனை அணைத்தபின், நன்னீரால் மெதுவாகக் கழுவித் துடைத்து உலர்த்தலாம். ஏனைய கருவிகளைத் துடைத்துவிட்டு, அன்றைக்கே திருத்துநரிடம் கொண்டு செல்வதே அறிவு.

நல்ல திருத்துநர் செய்வது யாது? கருவியைத் திறந்து, முதலிற் பற்றரியின் இணைப்பைத் துண்டிப்பார். மின்சுற்றுப் பலகையை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் அற்ககோல் என்னும் திரவத்தில் தோய்த்த மெல்லிய தூரிகையால் உப்புப் படிவுகளைக் கழுவுவார். சிலர் செவிக்குக் கேளாத அதிர்வினாற் கழுவும் தொட்டிகளையும் வைத்திருக்கின்றனர். பின்னர் நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து அரிப்புற்ற இடங்களை ஆராய்ந்து, பழுதான உறுப்புக்களை மாற்றுவார். அவ்வற்ககோல் நீரையும் அழுக்கையும் அகற்றித் தானும் விரைவில் ஆவியாகிவிடும். ஆயினும் எளிதிற் தீப்பற்றுவது. கை கழுவுவதற்கு விற்கப்படும் கிருமிநீக்கியில் நீரும் பிற பொருள்களும் கலந்திருப்பதால் அதனை ஊற்றிக் கழுவுதல் தவறு.

திருத்துநரிடம் செல்லும்போது உண்மையை ஒளியாமற் கூறுங்கள். எந்த நீர், எத்தனை மணி நேரம், பின்னர் மின்னேற்றினீர்களா என்பவற்றைச் சொல்லுங்கள். பல கருவிகளில், சிம் அட்டை வைக்கும் இடத்திலோ உள்ளேயோ, நீர் பட்டாற் சிவப்பாக மாறும் சிறு அடையாளம் ஒன்றைத் தயாரிப்பாளர் ஒட்டியிருக்கின்றனர். ஆகவே மறைத்தும் பயனில்லை. நோயை மறைப்பவன் வைத்தியனை ஏமாற்றுவதில்லை, தன்னையே ஏமாற்றுகின்றான்.

உடனே திருத்துநரை அடைய முடியாத தீவுப் பகுதிகளிலும் தோட்டப் பகுதிகளிலும் வாழ்வோர், கருவியை இரண்டு மூன்று நாட்களேனும் காற்றோட்டத்தில் உலரவிட்டு, இயக்காது வைத்திருந்து, வாய்ப்பு நேர்ந்ததும் கொண்டு செல்லலாம்.

"எனது கருவி நீர் புகாதது என்று விளம்பரத்திற் கூறினார்களே" என்பாருக்கும் ஒரு சொல். ஐ.பி. 67, ஐ.பி. 68 என்று அச்சிடப்படும் இலக்கங்கள் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு வகுத்த தரங்களாகும். 67 என்பதன் பொருள், ஒரு மீற்றர் ஆழமான நன்னீரில் 30 நிமிடம் அசையாது கிடந்தாலும் கேடு விளையும் அளவிற்கு நீர் புகாது என்பதாகும். 68 என்பது அதனினும் கடுமையான நிபந்தனைகளைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டுச் சோதித்தது. இச்சோதனைகள் புதிய கருவியில் நடத்தப்பட்டவை. கடல்நீருக்கும் சவர்க்கார நீருக்கும் இவ்வுறுதி பொருந்தாது. ஒருமுறை கீழே வீழ்ந்து ஓரம் வெடித்த கருவியிலும், கடையிற் திறந்து திரை மாற்றிய கருவியிலும், பல ஆண்டுகள் பாவித்துப் பசை தளர்ந்த கருவியிலும் அவ்வுறுதியை நம்புதல் கூடாது.

இவ்வளவும் செய்தும் சில கருவிகள் மீளா. இதனைக் கூறும்போது, எம் பாடசாலை மாணவி ஒருத்தியின் தாயார் நினைவுக்கு வருகின்றார். இறந்துபோன கணவர், வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய குரற்பதிவுகள் யாவும் அவரது கைத்தொலைபேசி ஒன்றிலேயே இருந்தன. வீட்டினுள் வெள்ளம் புகுந்த இரவில் அது நனைந்தது. அயலவர் கூறியபடி மூன்று நாள் அரிசியில் வைத்துப் பின்னர் மின்னேற்றினார். சிறிது புகை வந்தது, பின்னர் ஒன்றும் இல்லை. திரையை மாற்றித் தரலாமா என்றோ, புதியது வாங்க எவ்வளவு என்றோ அவர் கேட்கவில்லை. "அந்தக் குரலை மட்டும் எடுத்துத் தர முடியாதா, ஐயா?" என்றே எல்லாரிடமும் கேட்டார். முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதை அறிந்துகொள்ளல் நன்று. இக்காலக் கைத்தொலைபேசிகளிற் பதிவுகள் மறைமொழியாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அம்மறைமொழியின் திறவுகோல் அக்கருவியின் சுற்றுப்பலகையோடு பிணைந்திருக்கின்றது. ஆகவே நினைவகச் சில்லை மாத்திரம் பிரித்தெடுத்து வேறொன்றிற் பொருத்திப் படித்துவிட முடியாது. அப்பலகை சிறிது நேரமேனும் உயிர்பெற்றாற்றான் உள்ளேயிருப்பதை மீட்கலாம். திரையும் பற்றரியும் கடையில் வாங்கி மாற்றத்தக்கவை. பலகை எரிந்துவிட்டால் எல்லாம் போயிற்று. அவசரப்பட்டு மின்னேற்றும் கை எரிப்பது அப்பலகையைத்தான். படமும் குரலும் உங்களுக்கு அரியனவாயின், கருவியை இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கி, "கருவி வேண்டாம், உள்ளேயிருப்பது வேண்டும்" என்று திருத்துநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் தமது வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

வெள்ளம் நமக்குப் புதியதன்று. 2018ஆம் ஆண்டு டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஒரே இரவிற் பெருவெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைத்தது. அத்தகைய வேளைகளிற் கைத்தொலைபேசி உயிர்காக்கும் கருவியாகின்றது. ஆகவே வானிலை எச்சரிக்கை கேட்டவுடன் அதற்கு முழுமையாக மின்னேற்றி, கிழியாத பொலித்தீன் பைகள் இரண்டில் ஒன்றனுள் ஒன்றாக இட்டு, வாயை இறுகக் கட்டி வையுங்கள். பையின் ஊடாகவே திரையைத் தொட்டுப் பேசலாம்.

அதனோடு, ஐந்து நிமிட வேலையொன்று உண்டு. வீட்டாரினதும் உறவினரினதும் இலக்கங்களை ஒரு தாளிற் பேனாவால் எழுதுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிசாரின் அவசர இலக்கம் 119, நோயாளர் காவு வண்டிக்கு 1990 என்பவற்றையும் அதிற் சேர்த்து, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். நமது பெற்றோர் இருபது இலக்கங்களை மனத்தில் வைத்திருந்தனர். இன்று பெற்ற தாயின் இலக்கத்தையும் கருவியைப் பார்த்தே சொல்லும் பிள்ளைகளை வகுப்பறைகளிற் காண்கின்றோம். நிழற்படங்களையும் குரற்பதிவுகளையும் மாதம் ஒருமுறையேனும் கணினியிலோ, வேறொரு நினைவக அட்டையிலோ, இணையச் சேமிப்பிலோ பிரதிசெய்து வைப்பதும் அவ்வாறே இன்றியமையாதது. செய்யத் தெரியாத முதியோருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் இந்த உதவியைச் செய்து கொடுக்கட்டும்.

சுருங்கக் கூறின், நீரில் வீழ்ந்த கருவியை எடுங்கள், அணையுங்கள், துடையுங்கள், காற்றில் வையுங்கள், திருத்துநரிடம் கொண்டு செல்லுங்கள். இயக்கிப் பாராதீர்கள், மின்னேற்றாதீர்கள், சூடாக்காதீர்கள். அரிசியை உலைக்கே விட்டுவிடுங்கள். பதறிய காரியம் சிதறும் என்று நம் முன்னோர் கூறினர். கைத்தொலைபேசியைக் காணாதவர்களின் அம்மொழி, இன்று அதற்கும் பொருந்துகின்றது.